ஆண்கள் ரசிப்பதற்காக உருவான பின்-அப் படங்கள் பெண்களுக்கு எப்படி வலிமை தரும்?

உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பாசறைச் சுவர்களில் குத்தி வைத்த படங்கள்தாம் இவை. 1943-இல் எடுத்த ஹாலிவுட் நடிகை பெட்டி கிரேபிளின் நீச்சலுடைப் படம் அவற்றில் பெயர்பெற்றது.

ஆனால், உருவாக்கியவர்கள் எல்லாரும் ஆண்கள் அல்லர். ஓவியர் ஸோயி மோஸர்ட் கண்ணாடியில் தன்னையே பார்த்து வரைந்தவர். மயாமியின் பன்னி யேகர், மாடலாக இருந்து கேமராவைக் கையில் எடுத்தவர். பிகினிகளையும் அவரே தைப்பார். 1954-இல் மாடல் பெட்டி பேஜை இரண்டு சிவிங்கிப்புலிகளுக்கு நடுவே நிறுத்தி அவர் எடுத்த படங்களில், பேஜ் யாருக்கும் பணிந்தவராகத் தெரியவில்லை.

அந்தக்காலப் பாணியை மீட்டெடுக்கும் இன்றைய ரெட்ரோ பின்-அப் குழுக்களும் இதழ்களும் பிடித்துக்கொண்டது இந்த இழையைத்தான். உடை, சிகை, உதட்டுச்சாயம், நிற்கும் விதம் எல்லாம் படத்தில் இருக்கும் பெண்ணின் தேர்வு. அன்றைய பின்-அப் காலண்டர்களில் பெரும்பாலும் ஒல்லி இடை, வெள்ளைத் தோல். டுவான் பிரையர்ஸ் வரைந்த குண்டுப் பெண் ஹில்டா அபூர்வ விதிவிலக்கு. இப்போது கறுப்பினப் பெண்களும், பருமனானவர்களும், ஐம்பதைக் கடந்தவர்களும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் அட்டைப்படத்தில் இடம் கேட்கிறார்கள். படத்தை வெளியிட அந்தப் பெண்களிடமே கட்டணம் கேட்கும் இதழ்களும் உண்டு. அதை அதிகாரமளித்தல் என்று நான் ஒப்பமாட்டேன்.