பர்மாவில் இருந்து திரும்பியவர்களின் குடும்பக் கதைகள் கஷ்டத்தை எப்படிச் சொல்கின்றன?

தன் பாட்டியின் பர்மா கதையை எழுத ஆசைப்படும் ஒருவர் கேட்டிருக்கிறார்: இந்தக் கதைகளில் குடும்பமும் கஷ்டமும் எப்படி வருகின்றன, கேட்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று. என் அப்பா வழியில் எல்லோரும் 1964க்குப் பிறகு ரங்கூனில் இருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து வீட்டில் இந்தப் பேச்சுத்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பர்மா கதை என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு கதைகள். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அதன் பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் மலைகள் வழியாகவும், எல்லை ஊரான தமுவைத் தாண்டி மணிப்பூர் வழியாகவும் நடந்தே ஊர் வந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். மற்றது அறுபதுகளின் கதை. 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் ஐம்பது, நூறு கியாட் (பர்மாப் பணம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. பிழைப்பு போன இந்தியர்கள் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். இரண்டையும் அனுபவித்த குடும்பங்கள் உண்டு. 42இல் நடந்து வந்து, சண்டை ஓய்ந்ததும் பிழைப்புக்காகத் திரும்பப் போய், மறுபடி வெறுங்கையோடு வந்தவர்கள். வயதானவர்கள் பேசும்போது இரண்டும் கலந்துவிடும். நடந்தோம் என்றால் அது 42, கப்பல் என்றால் பெரும்பாலும் 64க்குப் பிறகு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் வந்ததில் வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ தெரிந்திருக்கும். அவர் ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகையை நடத்தியவர், எழுத்தே தொழிலாக இருந்தவர். அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் மூட்டை தூக்கியவர்களில் எழுதி வைத்தவர்கள் அரிது. அவர்கள் கதை வீட்டுக்குள் வாய்ப்பேச்சாகத்தான் இருக்கிறது, அதுவும் சொல்பவர் போனால் கூடவே போய்விடும். அதனால் நீங்கள் எழுத நினைப்பது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) சொன்ன கதையில் எல்லாம் கணக்காக இருக்கும். கடை எந்தத் தெருவில், பக்கத்துக் கடை யாருடையது, அன்று பெட்டியில் என்ன இருந்தது, யார் எவ்வளவு பாக்கி. கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு ‘மக்கள் கடை’ என்று நம்பர் போட்ட பலகையை மாட்டியதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறும். அப்பத்தா சொன்ன கதையில் கடையே வராது. சின்னவனுக்குக் கப்பலில் வயிற்றுப்போக்கு, கட்டிக்கொண்டு வந்த அவல், சுங்கத்தில் மூக்குத்தியைக்கூடக் கழற்றச் சொன்னது, வளர்த்த நாயை எதிர்வீட்டு பர்மியப் பெண்ணிடம் விட்டுவிட்டு வந்தது. இருவரும் ஒரே கப்பலில்தான் வந்தார்கள். ஒருவரை மட்டும் கேட்டு எழுதினால் பாதிக் குடும்பம்தான் கிடைக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் ஜனங்கள் யாரைக் கேட்டாலும் பர்மாவில் தேக்கு வீடு இருந்தது என்பார்கள், தங்கம் இருந்தது என்பார்கள். எல்லோரிடமும் இருந்திருக்க முடியாது. 1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் விளைநிலத்தில் கால்வாசி செட்டியார்களின் வட்டிக்கடைகள் கையில் இருந்தது உண்மை. ஆனால் கப்பலேறிப் போனவர்களில் பெரும்பாலோர் கூலிகள். ஆள் சேர்த்து அழைத்துப்போன மேஸ்திரி கொடுத்த முன்பணத்தைக் கட்டவே வருஷக்கணக்கில் உழைத்தவர்கள். அப்புறம் ஏன் தேக்கு வீடு? அதற்கான காரணம் பர்மாவில் இல்லை, இங்கே இருக்கிறது.

ஐயாவும் அப்பத்தாவும் எவ்வளவோ சொன்னார்கள், ஊருக்கு வந்த முதல் வருஷத்தைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. மெட்ராஸில் இறங்கினோம், முகாமில் இருந்தோம், அப்புறம் ஊருக்கு வந்தோம், பிறகு உன் அப்பனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம் என்று ஒரே தாவாகத் தாவிவிடுவார்கள். நடுவில் என்ன ஆயிற்று என்பதை அப்பத்தா காலமான பிறகு அத்தைதான் சொன்னார். ஐயா பர்மாவில் இருந்து மாதாமாதம் அனுப்பிய பணத்தில் அவருடைய அண்ணன் வயல் வாங்கியிருக்கிறார், தன் பெயரில். இவர்கள் பிள்ளைகளோடு வந்து நின்றபோது திண்ணைதான் கிடைத்தது. அந்த வீட்டுச் சமையல் முடிந்து அடுப்பு காலியான பிறகுதான் அப்பத்தா உலை வைக்க வேண்டும். ஐயா தன் காசில் வாங்கிய வயலிலேயே கூலிக்கு நாற்றுப் பறித்திருக்கிறார்.

அத்தை ஒருமுறை அப்பத்தாவிடம், “ஏம்மா இதையெல்லாம் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கிற?” என்று கேட்டிருக்கிறார். “நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவுகதானே வந்து நிக்கணும்” என்றாராம் அப்பத்தா.

இந்த ஒரு பதிலில் எனக்கு எல்லாம் விளங்கியது. நே வின்னைத் திட்டலாம், ஜப்பான்காரனைத் திட்டலாம், சுங்க அதிகாரியைத் திட்டலாம். அவர்கள் யாரும் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வரப்போவதில்லை. பங்காளி வருவான். ஒரே குலசாமி, ஒரே சுடுகாடு. அதனால் அந்நியர் செய்த கொடுமை கதையாகிறது, சொந்தம் செய்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. தேக்கு வீட்டுக் கதையும் அந்தத் திண்ணையில்தான் பிறந்தது என்று நினைக்கிறேன். பாரமாக வந்து ஒட்டிக்கொண்டவர்களாகப் பார்த்த ஊரில், நாங்களும் ஒரு காலத்தில் நாலு பேருக்குச் சோறு போட்டவர்கள் என்று சொல்லியாக வேண்டியிருந்தது. அதைப் பொய் என்று தள்ளாதீர்கள். தேக்கா மூங்கிலா என்று துருவியும் கேட்காதீர்கள்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். 1969இல் சென்னையில் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார் வந்தது. அதே வருஷம் பர்மா, இலங்கையில் இருந்து திரும்பியவர்களுக்காக ரெப்கோ வங்கி தொடங்கியது. வியாசர்பாடியிலும் திருச்சி, காரைக்குடி போன்ற ஊர்களிலும் பர்மா காலனிகள் எழுந்தன. இங்கே ஒட்ட முடியாமல் மறுபடி பர்மாவுக்கே நடந்து போகப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரேயிலேயே தங்கியவர்களும் உண்டு. இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன. பிறந்த நாட்டுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது என்றால், சொந்த ஊரில் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு எப்படி இருந்திருக்கும்! அத்தோ, மொய்ங்கா என்ற பர்மிய நூடுல்ஸ் வகைகளை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு எழுதும் கட்டுரைகளில் இந்தக் கேள்வியைக் காணோமே என்ற வருத்தம் எனக்கு நிறைய உண்டு.

உங்கள் பாட்டியிடம் “என்ன கஷ்டப்பட்டீங்க?” என்று நேராகக் கேட்டால் ஏற்கெனவே பழகிப்போன கதைதான் வரும். பொருளில் இருந்து தொடங்குங்கள். முகாமில் கொடுத்த அட்டை, கப்பலில் வந்த டிரங்குப் பெட்டி, கடன் பாஸ்புத்தகம் ஏதாவது பரணில் இருக்கும், இறக்கி முன்னால் வையுங்கள். வந்த அன்று ராத்திரி எங்கே படுத்தீர்கள், முதல் தீபாவளிக்குத் துணி யார் எடுத்துக் கொடுத்தார்கள், ரேஷன் கார்டு யார் வீட்டில் இருந்தது என்று கேளுங்கள். மருமகள்களையும் அத்தைமார்களையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஆண்கள் பக்கத்தில் இல்லாதபோது.

பங்காளிக் கதை வந்தால் அதை எழுதலாமா என்று பாட்டியிடமே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் அவர் காலம் வரை நோட்டில் இருக்கட்டும். நான் அத்தையிடம் கேட்டேன். “பேரை மட்டும் போடாதே, வயலைப் போடு” என்றார். அதன்படிதான் மேலே எழுதியிருக்கிறேன்.