4-4-2வா, 3-4-3யா? கால்பந்து ஃபார்மேஷன் கேள்விகளுக்குச் சில பதில்கள்

கேள்வி: கல்லூரி அணிக்கு நான்தான் கேப்டன். கோச் கிடையாது, வாரம் இரண்டு நாள்தான் பயிற்சி. எந்த ஃபார்மேஷன் நல்லது?

பதில்: கால் அளவு சொல்லாமல் செருப்பு கேட்கிறீர்கள். முதலில் கையில் இருக்கும் ஆட்களைப் பாருங்கள். எதிரணி ஸ்டிரைக்கரைத் தனியாளாக மடக்கக்கூடிய சென்டர் பேக் (பின்வரிசையில் நடுவில் நின்று காப்பவர்) எத்தனை பேர்? கடைசி நிமிடம் வரை மேலேயும் கீழேயும் ஓடத் தெம்புள்ளவர்கள் எத்தனை பேர்? முதுகில் ஆள் ஒட்டிக்கொண்டு நின்றாலும் பந்தை வாங்கி வைத்துக்கொள்ளும் ஸ்டிரைக்கர் ஒருவராவது உண்டா? மூன்றுக்கும் "ஏதோ சுமார்" என்பதுதான் பதில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 4-4-2 போடுங்கள். பின்னால் நால்வர், நடுவில் நால்வர் என இரண்டு வரிசை, முன்னால் இருவர். யார் பக்கம் யார் பொறுப்பு என்பது முதல் நாளே புரிந்துவிடும்.

கேள்வி: 4-4-2 எல்லாம் பழைய காலத்து ஆட்டம் இல்லையா?

பதில்: 2015-16இல் லெஸ்டர் சிட்டி அதை வைத்துத்தான் 81 புள்ளிகளோடு பிரீமியர் லீக்கை வென்றது. அதில் ஓட்டை இல்லாமல் இல்லை. எதிரணி மிட்ஃபீல்டில் மூன்று பேரை நிறுத்தினால், நடுவில் உங்களுக்கு ஓர் ஆள் குறையும். லெஸ்டர் அந்த ஓட்டையை எப்படி அடைத்தது என்று பாருங்கள். முன்னால் ஆடிய இருவரில் வார்டி மேலே நிற்க, ஒகசாகி அடிக்கடி கீழே இறங்கி வந்தார். நடுவில் டிரிங்க்வாட்டர் பக்கத்தில் நின்ற கான்டே இரண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாகப் பார்த்தார். அடுத்த சீசன் கான்டே செல்சிக்குப் போனார். லெஸ்டர் 12வது இடம், செல்சி சாம்பியன். எந்த ஃபார்மேஷன் போட்டாலும் எங்கேயோ ஓர் ஓட்டை இருக்கத்தான் செய்யும். அதை அடைக்க யார் இருக்கிறார் என்பதுதான் பேச்சு.

கேள்வி: சீசன் நடுவில் மாற்றினால் பையன்கள் குழம்பிவிட மாட்டார்களா?

பதில்: குழம்புவார்கள், பயிற்சிக்கு நேரம் இல்லையென்றால். அதே செல்சியின் கதையைச் சொல்கிறேன். 2016 செப்டம்பர் 24, ஆர்சனல் மைதானத்தில் இடைவேளைக்குள் 3-0 என அடி வாங்கியாயிற்று. இரண்டாம் பாதியில் செல்சி கோச் கோன்டே டிஃபென்ஸை மூன்று பேராக மாற்றினார். அடுத்த ஆட்டத்திலிருந்து 3-4-3. தொடர்ந்து 13 லீக் ஆட்டங்களில் வெற்றி.

எண்ணைவிட ஆட்கள் இடம் மாறியதுதான் எனக்குச் சுவாரஸ்யம். பின்வரிசையில் ஓரத்தில் ஆடும் ஃபுல் பேக்கான அஸ்பிலிகுவேட்டா மூன்று சென்டர் பேக்குகளில் ஒருவர் ஆனார். சீசன் சீசனாக வேறு கிளப்புகளுக்குக் கடனாகப் போய்வந்துகொண்டிருந்த விங்கர் விக்டர் மோசஸ், ரைட் விங் பேக், அதாவது வலது ஓரம் முழுக்க மேலேயும் கீழேயும் ஓடுபவர். இடப்பக்கம் விங் பேக் அலோன்சோ பின்னால் இருந்ததால் முன்வரிசையில் ஆடிய ஹசார்டுக்குக் கீழே ஓடும் வேலை குறைந்தது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: செல்சிக்கு அந்த ஆண்டு ஐரோப்பியப் போட்டிகள் இல்லை. பல வாரங்களில் முழு வாரமும் பயிற்சிக்குக் கிடைத்தது.

கேள்வி: பின்னால் மூன்றே பேர் என்றால் பயமாக இருக்கிறதே?

பதில்: பந்து போனதும் விங் பேக்குகள் இறங்கி ஐந்து பேர் ஆகிவிடுவார்கள். இறங்கினால். 60வது நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கும் விங் பேக் என்றால் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

கேள்வி: எண்ணும்போது கோல்கீப்பரை ஏன் சேர்ப்பதில்லை?

பதில்: எல்லா அணியிலும் ஒருவர்தானே.

கேள்வி: எதிரணியைப் பார்த்து மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றி ஜெயித்தவர் அர்ஜென்டினா கோச் ஸ்கலோனி. 2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்து விங் பேக்குகளோடு ஆடும் என்பதால், லிசாண்ட்ரோ மார்டினெஸைச் சேர்த்து அர்ஜென்டினாவும் அப்படியே நின்றது. முதல் கோல் அடித்த மொலினா ஒரு விங் பேக். இரண்டாவது கோலுக்கான பெனால்டியை வாங்கித் தந்த அகுன்யா மறுபக்க விங் பேக். அரையிறுதியில் குரோஷியாவின் மோட்ரிச், பிரோசோவிச், கோவாசிச் மூவருக்கு எதிராக நடுவில் நால்வர். பிரான்ஸுடனான இறுதி ஆட்டத்தில் 4-3-3. அதிலும் டி மரியாவை இடப்பக்கம் விட்டார். டி மரியா பெனால்டி ஒன்று வாங்கித் தந்தார், 36வது நிமிடத்தில் ஒரு கோலும் அடித்தார். இடைவேளைக்கு முன்பே பிரான்ஸ் கோச் டெஷாம்ப்ஸ் இரண்டு பேரை மாற்ற வேண்டியதாயிற்று. (பிறகு டி மரியாவை வெளியே எடுத்தது சரியா என்று தனியாகச் சண்டை போடலாம்.) உங்கள் பையன்களுக்கு ஒரு ஃபார்மேஷன் கைவந்த பிறகு இதை யோசியுங்கள்.

கேள்வி: 12 வயதுப் பிள்ளைகளுக்கு?

பதில்: இங்கிலாந்தில் அந்த வயதுக்கு 9 பேர் ஆட்டம்தான். எல்லாரையும் எல்லா இடத்திலும் ஆடவிடுங்கள், 3-2-3 போதும்.

கேள்வி: செவன்ஸ் (அணிக்கு 7 பேர்) போட்டி, ஆஃப்சைடு கிடையாது. 2-3-1 சரியா?

பதில்: பக்கவாட்டில் ஆடும் இருவரும் ஒரே நேரத்தில் மேலே போகமாட்டார்கள் என்று நம்பினால் சரி. ஆஃப்சைடு இல்லாததால் எதிரணி ஆள் ஒருவர் உங்கள் கீப்பர் பக்கத்திலேயே நின்று கதை பேசிக்கொண்டிருப்பார். பின்னால் இருக்கும் இருவரில் ஒருவர் அவரைப் பார்த்தால், மிச்ச இடம் முழுவதும் இன்னொருவர் தலையில். ஒருமுறை எங்கள் அணி இப்படித்தான் 4 கோல் வாங்கியது. அப்புறம் 3-2-1க்கு மாறினோம். அதன் பிறகு கோல் வாங்கவில்லை, அடிக்கவும் இல்லை.