கொடி கட்டாத மலையில் எந்த வழி? – கேள்வி பதில்

வழி குறிக்காத நெடுந்தூர மலை ஓட்டங்களில் எந்தப் பக்கமாகப் போவது என்பது பற்றி மட்டும் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் மேல்மட்டமும் லேடி கிரே ஊர்ப் பக்கத்து மலைகளும்தான் எனக்குத் தெரிந்த இடம். ஷூ, ஜெல், முழங்கால் வலிக்கெல்லாம் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

டர்பன், காம்ரேட்ஸ் ஓடியவர்: அக்கா, வழி குறிக்காத ஓட்டம் என்றால் என்ன? ஆட்கள் தொலைந்துபோக மாட்டார்களா?

தொலைவார்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஓடும் காம்ரேட்ஸில் கவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இன்சாங்கா, போலி ஷார்ட்ஸ் என்று ஐந்து மேடு. யார் ஓடினாலும் அதே ஐந்து, அதே தார் ரோடு. இங்கே செக்பாயிண்ட் எவை என்று மட்டும் சொல்வார்கள். நடுவில் எப்படிப் போகிறீர்கள் என்பது உங்கள் பாடு. இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் பழைய ஃபெல் ஓட்டங்கள், அதாவது மலை ஓட்டங்கள், இப்படித்தான் வளர்ந்தன. நம் நாட்டில் லேடி கிரேயில் தொடங்கும் ஸ்கைரன் 100 கி.மீ., அதிலும் கொடி கிடையாது. டிராக்கன்ஸ்பர்க் கிராண்ட் டிராவர்ஸ் இன்னும் பெரிது. சென்டினல் கார் பார்க்கில் தொடங்கி, சங்கிலி ஏணி ஏறி, ஆறு சிகரங்களைத் தொட்டு, புஷ்மன்ஸ் நெக்கில் இறங்க வேண்டும். 200 கி.மீ.க்கு மேல். 2014இல் ரயன் சாண்டிஸும் ரைனோ கிரீசலும் அதை 41 மணி 49 நிமிடத்தில் முடித்தார்கள். அந்த நேரத்தில் கால் பாதி, வழி பாதி.

சாட்ஸ்வொர்த் தம்பி: அக்கா, நீங்கள் ஓடிய தடம் பதிவான ஜிபிஎக்ஸ் கோப்பை அனுப்ப முடியுமா?

முடியாது தம்பி. ஏன் என்று கீழே வேறொருவருக்குச் சொல்கிறேன்.

ஜோகன்னஸ்பர்க், மென்பொருள் வேலை: குறுக்கே ஒரு மேடு இருந்தால் ஏறி இறங்குவதா, சுற்றிப் போவதா? நேரே போவதுதான் எப்போதும் வேகம் என்பது என் கட்சி.

"எப்போதும்" என்று சொல்லாமல் இருந்திருந்தால் பாதி ஒத்துக்கொண்டிருப்பேன். 1892இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதோடு 2000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. மூன்று மைல் என்பது 15,840 அடி. 2000ஆல் வகுத்தால் ஏறத்தாழ எட்டு. ஒரு மீட்டர் ஏறுவது எட்டு மீட்டர் சமதளத்தில் போவதற்குச் சமம். அவ்வளவுதான் கணக்கு.

இதை மேப்பில் வைத்துப் பார்க்கலாம். 1:50,000 அரசு மேப்பில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. நேர்வழி 1.5 கி.மீ., நடுவில் ஏழு கோடு, அதாவது 140 மீட்டர் ஏற்றம் என்று வையுங்கள். 140ஐ எட்டால் பெருக்கினால் 1120 மீட்டர். மொத்தம் 2.6 கி.மீ. மாதிரி. இப்போது ஒரு தையல் நூலைத் தண்ணீரில் நனைத்து, சுற்றுவழியின் சமவுயரக் கோட்டின் மேல் ஒவ்வொரு வளைவிலும் விரலால் அழுத்தி ஒட்டுங்கள். எடுத்து அளந்தால் 2.3 கி.மீ. வருகிறது. காகிதத்தில் சுற்றுவழி ஜெயித்துவிட்டது.

நான் அதோடு முடிவு எடுக்க மாட்டேன். அந்தச் சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? நம் சூரியன் வடக்கில். தெற்குச் சரிவில் ஈரமும் குளிர்காலப் பனிக்கட்டியும் தங்கும், புல் உயரமாக, மேடுபள்ளமாக இருக்கும். வடக்குச் சரிவு காய்ந்து, புல் குட்டையாக இருக்கும். இங்கிலாந்துக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு வந்தால் இது அப்படியே தலைகீழ். வடக்குச் சரிவில் மேய்ப்பர் தடம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் சுற்றுவேன். தெற்குச் சரிவு, நடுவில் மூன்று ஓடைப்பள்ளம் என்றால் மேலே ஏறிவிடுவேன். சரிவில் குறுக்கே நடக்கும்போது ஒரே பக்கமாக மடங்கும் கணுக்காலுக்கும் ஒரு விலை உண்டு. அதை நைஸ்மித் கணக்கில் சேர்க்கவில்லை.

அதே ஜோகன்னஸ்பர்க்காரர்: அது நடைக்காரர்களின் கணக்கு. ஓடுபவனுக்குப் பொருந்தாது.

வருவீர்கள் என்று தெரியும். பிலிப் ஸ்கார்ஃப் என்ற ஆய்வாளர் ஃபெல் ஓட்ட நேரங்களையே எடுத்துப் பார்த்து, ஏறத்தாழ அதே எட்டுக்குத்தான் வந்தார். ஓட்டக்காரர் சமதளத்திலும் வேகம், ஏற்றத்திலும் வேகம். விகிதம் பெரிதாக மாறவில்லை. கொஞ்சம் பொறுங்கள், மற்றவர்களையும் பார்த்துவிட்டு வருகிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், முதல் முறை மேலே போகிறவர்: மலையின் செங்குத்து விளிம்பை ஒட்டியே போனால் வழி தவறாது என்கிறார்கள். சரியா?

தவறாது. நேரம்தான் போகும். மேலே தெற்கே பார்த்து நிற்கும்போது என்ன பார்க்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். இடது கை பக்கம், கிழக்கே, குவாசூலு-நட்டாலுக்குள் செங்குத்தாக விழுகிறது. வலது கை பக்கம் லெசோத்தோ, அங்கே தண்ணீர் மெல்லச் சரிந்து செங்கு ஆற்றுக்கு, அதாவது ஆரஞ்சு ஆற்றுக்குப் போகிறது. விளிம்புதான் நீர்பிரி மேடு. அந்த விளிம்பு ரம்பத்தின் பல் மாதிரி. ஒவ்வொரு கணவாய்த் தலையிலும் இறங்கும், அடுத்த உச்சிக்கு மறுபடி ஏறும். ஒட்டியே போனால் எல்லாப் பல்லையும் ஏறி இறங்க வேண்டும்.

அதற்காக ரொம்ப உள்ளே போனாலும் ஆபத்து. லெசோத்தோ பள்ளத்தாக்குகள் மேற்கே போகப் போக ஆழமாகும். இறங்கிய உயரத்தை அடுத்த முகட்டில் எட்டு மடங்கு வட்டியோடு கட்டுவீர்கள். நான் தேடுவது நடுவில் ஒரு கோடு: பள்ளத்தாக்குகள் தொடங்கும் தலைப்பகுதி. அங்கே ஓடை தாண்டக்கூடிய அளவில் இருக்கும், முகடுகளுக்கு நடுவே தாழ்வான தோள் இருக்கும். ஆனால் தலைப்பகுதியின் தரை பெரும்பாலும் சதுப்பு. முழங்கால் உயர மண்மேடுகள், நடுநடுவே பனி எலிகள் தோண்டிய வளைகள். கால் உள்ளே போனால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. அதனால் சதுப்புக்கு ஒரு சமவுயரக் கோடு மேலே, காய்ந்த தரையில் வளைந்து போங்கள். பாசோத்தோ மேய்ப்பர்களின் தடங்களைப் பாருங்கள், ஏறக்குறைய அதே கோட்டில்தான் போகும். மாட்டுக்கும் சதுப்பு பிடிக்காது.

வேறு எது செய்தாலும் சரி, மூடுபனியில் கிழக்குப் பக்கம் ஓடை வழியாக மட்டும் இறங்காதீர்கள்.

லெனேஷியா, சென்னையிலிருந்து வந்து இரண்டு வருடம்: எனக்குக் காம்பஸ் நன்றாகத் தெரியும், என்சிசியில் கற்றது. அது போதுமா?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சென்னையில் காந்த வடக்கும் மெய் வடக்கும் ஏறத்தாழ ஒன்றே. அதனால் யாரும் திருத்தம் செய்து பழகுவதில்லை. டிராக்கன்ஸ்பர்க்கில் காந்த ஊசி மேற்கே சுமார் 25 பாகை விலகி நிற்கும். மேப்பில் 190 பாகை என்று அளந்தால், காம்பஸில் 215 வைத்து நடக்க வேண்டும். வைக்காமல் 190இலேயே நடந்தால் உண்மையில் 165இல் போவீர்கள். ஒரு கிலோமீட்டரில் 400 மீட்டருக்கு மேல் விலகல். வடக்கிலிருந்து தெற்கே போகிறவருக்கு அந்த விலகல் எந்தப் பக்கம்? இடது பக்கம், விளிம்பை நோக்கி. மூடுபனியில் அதுதான் கடைசியாகப் போக வேண்டிய பக்கம்.

ஃபீனிக்ஸ்: அக்கா, ஜிபிஎக்ஸ் கோப்பு கிடைக்குமா?

கிடைக்காது, காரணம் இதோ. ஒருவருடைய தடம் அவருடைய அந்த ஒரு நாளின் தடம். அன்று ஆறு வற்றியிருக்கலாம், அவர் இரவில் கடந்த இடத்தை நீங்கள் பகலில் கடக்கலாம், அவர் பாதி தூக்கத்தில் தப்பாகத் திரும்பியதும் அதில் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும். வாட்சில் கோடு இருந்தால் கண் தரையைப் பார்க்காது. வாட்ச் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்களே மேப்பில் வரைந்த கோட்டை அதில் ஏற்றிக்கொள்ளுங்கள், எந்த இடத்தில் ஏன் திரும்பினீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

டோங்காட் டீச்சர்: புரட்டாசி விரதம் முடிந்து கொஞ்ச நாளில் நவம்பர் ஓட்டம் வருகிறது. கறி மீன் இல்லாமல் தயாராக முடியுமா?

என் துறை இல்லை டீச்சர். விரதத்தை விடாதீர்கள், சத்துணவு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

அதே டீச்சர்: சரி, அந்தச் சண்டையில் ஒரு கேள்வி. ஏறினால் இறங்கவும் வேண்டுமே. இறங்கும்போது நேரம் திரும்பக் கிடைக்காதா?

பாருங்கள், டீச்சர்தான் சரியான இடத்தில் கை வைத்தார். நைஸ்மித் விதி இறக்கத்தைத் தனியாகக் கணக்கில் எடுக்கவில்லை. நல்ல புல்வெளி, மிதமான சரிவு என்றால் இறக்கத்தில் நிறைய திரும்பக் கிடைக்கும். அப்போது ஜோகன்னஸ்பர்க்காரர் கட்சி பலம் பெறுகிறது. அதே சரிவு செங்குத்தாகி, கொத்துக்கொத்தான புல்லும் கல்லும் வந்தால் இறக்கம் ஏற்றத்தைவிட மெதுவாகும். அதனால் மேப்பில் ஏறும் பக்கத்துக் கோடுகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், இறங்கும் பக்கத்தில் அவை எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்றும் பாருங்கள். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மேலே போகாதீர்கள்.

ஜோகன்னஸ்பர்க்காரர்: ஆக, நான் சொன்னது சரி.

பாதி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அங்கிள்: இவ்வளவு கணக்கு எதற்கம்மா? நாங்கள் அந்தக் காலத்தில் முன்னே போகிறவன் முதுகைப் பார்த்து ஓடினோம். எப்போதும் சுற்றுவழிதான், மூச்சு மிஞ்சும்.

அங்கிள், நீங்கள் சொல்வதில் ஒன்று உண்மை. எண்பதாவது கிலோமீட்டரில் கால் ஏற மறுக்கும்போது எட்டு என்பது பத்தாகவும் பன்னிரண்டாகவும் ஆகிவிடும். காலையில் நேரே போன அதே ஆள் ராத்திரி சுற்றிப் போவதில் தப்பே இல்லை. முதுகைப் பார்த்து ஓடுவதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த முதுகுக்கும் வழி தெரியாமல் இருந்தால்?

ஜோகன்னஸ்பர்க்காரர்: அங்கிள், சுற்றுவழியில் பள்ளம் ஒவ்வொன்றும் உள்ளே வளைக்கும், தூரம் கூடும்.

அங்கிள்: தம்பி, நீ எத்தனை மலை ஏறியிருக்கிறாய்?

இரண்டு பேரும் நிறுத்துங்கள். வேர்ல்ட்ஸ் வியூ மேடு அங்கிள் வீட்டுக்குப் பக்கம்தான். ஒரு ஞாயிறு அங்கே போய், ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியுங்கள், ஒருவர் நேரே, ஒருவர் சுற்றி. பிறகு ஆள் மாறி ஓடுங்கள், இல்லாவிட்டால் வயதைக் காரணம் காட்டுவீர்கள். தோற்றவர் பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பியது) வாங்கித் தரட்டும். எனக்கு பீன்ஸ்.

வெருலம்: மூடுபனி வந்துவிட்டால் கீழே இறங்கிவிடுவது பாதுகாப்பில்லையா? ஓடை எப்படியும் கீழேதானே போகும்.

போகும். எப்படிப் போகும் என்பதுதான் விஷயம். துகேலா ஆறு ஆம்ஃபிதியேட்டர் என்ற பாறைச்சுவருக்கு மேலே சாதுவான ஓடை. கல்லில் கால் வைத்துத் தாண்டிவிடலாம். விளிம்புக்கு வந்ததும் 948 மீட்டர் விழுகிறது. மற்ற ஓடைகளும் சின்ன அளவில் இதே கதைதான்: மேலே பசால்ட் பாறைப் படிகள், கீழே மணற்கல் செங்குத்து. முதல் படியில் குதித்து இறங்கிவிடலாம், திரும்ப ஏற முடியாது. இரண்டாவது படி இருபது மீட்டர் இருக்கும். இறங்க வேண்டுமென்றால் பெயர் தெரிந்த கணவாய் மட்டும். அது கிடைக்காவிட்டால் மேற்கே, லெசோத்தோ பக்கம் சில நூறு மீட்டர் நகருங்கள். கடல் பக்கமிருந்து ஏறி வரும் மூடுபனி பல நேரம் விளிம்போடு நின்றுவிடும், உள்ளே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

ஸ்டாங்கர்: மின்னல்?

கோடைகால மதியத்துக்குப் பிறகு முகட்டில் இருக்காதீர்கள். மேகம் கட்டினால் தாழ்வான வழி. அதில் கணக்கே வேண்டாம்.

உம்சிண்டோ: மேய்ப்பர் குடிசைப் பக்கம் நாய்கள் துரத்துமாமே. சுற்றிப் போவதா?

தூரத்திலேயே தெரிந்தால் சுற்றுங்கள். தெரியாமல் பக்கத்தில் போய்விட்டால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், "டுமேலா ந்தாதே" என்று சத்தமாக வணக்கம் சொல்லுங்கள். ஆள் வெளியே வந்து நாயைக் கூப்பிட்டுக்கொள்வார். அவரிடமே முன்னால் எந்தப் பக்கம் தாண்டலாம் என்று கையைக் காட்டிக் கேளுங்கள்.

டர்பன் நார்த்: ஜிபிஎக்ஸ்…

மேலே படிக்கவும்.

நியூகாசல்: இரவில் ஒரு கணவாய்த் தலையையோ ஓடை சேரும் இடத்தையோ எப்படிக் கண்டுபிடிப்பது? நேராக அதற்கே குறி வைத்தும் இரண்டு முறை தாண்டிப் போய்விட்டேன்.

நேராகக் குறி வைத்ததுதான் பிரச்சினை. இருட்டில் குறி சற்றே தவறினால், அந்த இடம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாது. பாதி இரவை அங்கேயே தேடிக் கழிப்பீர்கள். ஓடைகள் சேரும் இடம் வேண்டுமென்றால், வேண்டுமென்றே 200 மீட்டர் மேலே, ஓடையின் மேற்பகுதிக்குக் குறி வையுங்கள். ஓடை காலில் பட்டதும் சந்தேகமே இல்லாமல் கீழ்ப்பக்கம் திரும்பலாம். லெசோத்தோ பக்கத்து ஓடைக்கு மட்டும்தான் இது, கிழக்கே விழும் ஓடைக்கு இல்லை. கணவாய்த் தலைக்கு விளிம்பை நேராகக் குறி வைக்காமல், மேற்கே அதற்கு எதிரே இருக்கும் பள்ளத்தாக்கின் தலையைப் பிடித்து, அங்கிருந்து நடந்து, ஆம், நடந்து, விளிம்புக்கு வாருங்கள். முன்னால் ஹெட்லாம்ப் வெளிச்சம் தெரிந்தால் அதைப் பார்க்காமல் உங்கள் காம்பஸைப் பாருங்கள். 25 பாகையைச் சேர்த்துவிட்டு.