ஸ்கிரிப்டுக்குத் தன் இடம் தெரியாதபோது: சிஜிஐ கேள்வி பதில்

கே: அண்ணா, சிஜிஐயில் (வெப் சர்வர் ஸ்கிரிப்டை ஓட்டும் முறை) சர்வர் தரும் ஸ்கிரிப்ட்_நேம் மதிப்பை வைத்து ஃபைலைத் திறந்தால் அப்படி ஒன்றே இல்லை என்கிறது. பிரவுசரில் அதே பாதை வேலை செய்கிறதே?

ப: அது யூஆர்எல் பாதை தம்பி, டிஸ்க் பாதை இல்லை. பிரவுசர் /சிஜிஐ-பின்/ என்று கேட்பது, டெபியன் லினக்ஸில் அப்பாச்சி வெப் சர்வர் போட்டிருந்தால் /யூஎஸ்ஆர்/லிப்/சிஜிஐ-பின்/ என்ற இடத்தில் கிடக்கும். டிஸ்க் பாதைக்கு ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம் பாருங்க. ஆனால் சிஜிஐ வரையறையான ஆர்எஃப்சி 3875-ல் (2004) அந்தப் பெயரே கிடையாது. அப்பாச்சி தன் பங்குக்குச் சேர்த்துத் தருவது. சர்வர் மாறினால் அதை நம்பி உட்கார முடியாது.

கே: சார், என்ஜின்எக்ஸ் வெப் சர்வரும், பிஎச்பி ஸ்கிரிப்டை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மும் வைத்திருக்கிறேன். பக்கத்தில் "ஃபைல் நாட் ஃபவுண்ட்", லாகில் "பிரைமரி ஸ்கிரிப்ட் அன்னோன்". ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது!

ப: உங்க கண்ணுக்கு இருக்கு, எஃப்பிஎம் கண்ணுக்கு இல்லை. முதலில் என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் ரூட் வரி (ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரைச் சொல்வது) எங்கே இருக்கு என்று பாருங்க. பெரும்பாலும் அதை 'லொகேஷன் /' பிளாக்குக்குள் போட்டிருப்பாங்க. பிஎச்பிக்கான லொகேஷன் தனி பிளாக், அதனால் அந்த ரூட் அதற்குப் போய்ச் சேராது. என்ஜின்எக்ஸ் தன் இயல்பான எச்டிஎம்எல் ஃபோல்டரை ஒட்டிப் பாதையை அனுப்பிவிடும். ரூட்டை சர்வர் பிளாக்குக்கு ஏற்றினால் சரியாகிவிடும்.

அது சரியாக இருந்தால், எஃப்பிஎம் டாக்கருக்குள் (புரோகிராமைத் தனி கன்டெய்னரில் ஓட்டும் கருவி) ஓடுதா? கன்டெய்னருக்குள் அந்தப் பாதை வேறாக இருக்கும். டாக்கரும் இல்லை என்றால் பெர்மிஷன்: எஃப்பிஎம் ஓடும் யூசரால் மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் நுழைய முடியணும்.

பிழையே இல்லாமல் வெறும் வெள்ளைப் பக்கம் வந்தால், ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம் எஃப்பிஎம்முக்குப் போகவே இல்லை என்று சந்தேகப்படுங்க. என்ஜின்எக்ஸின் ஃபாஸ்ட்சிஜிஐ_பாரம்ஸ் ஃபைலில் அந்த வரி இருக்காது, ஃபாஸ்ட்சிஜிஐ.கான்ஃப் ஃபைலில்தான் இருக்கும். இப்படி இரண்டு ஃபைல் வைத்து ஊரைக் குழப்பியிருக்க வேண்டாம்.

கே: மாட்_பெர்ல் (அப்பாச்சிக்குள்ளேயே பெர்லை ஓட்டுவது) அடியில், ஸ்கிரிப்டின் ஃபோல்டரைக் கண்டுபிடிக்கும் ஃபைண்ட்பின் மாட்யூல் வேறு ஸ்கிரிப்டின் ஃபோல்டரைக் காட்டுகிறது.

ப: ஃபைண்ட்பின் லோடு ஆகும்போது ஒரே தடவைதான் கணக்குப் போடும். மாட்_பெர்லில் பிராசஸ் சாகாது, முதலில் வந்த ஸ்கிரிப்டின் பதிலே நிலைத்துவிடும். அங்கே அது வேண்டாம்.

கே: பிரவுசரில் ஓடும் பிஎச்பி ஸ்கிரிப்ட், கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டுவது) போட்டால் கான்ஃபிக் ஃபைல் இல்லை என்கிறது.

ப: கிரான் உங்க ஹோம் ஃபோல்டரிலிருந்து கிளப்பும். சார்புப் பாதை (முழுப் பாதை இல்லாமல் எழுதியது) பெரும்பாலும் அங்கிருந்துதான் தேடப்படும். பிஎச்பி 5.3 முதல் இருக்கிற, ஸ்கிரிப்ட் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைத் தரும் __டிர்__ மாறிலியைப் பாதைக்கு முன்னால் ஒட்டுங்க. சர்வரைக் கேட்கவே தேவையில்லை.