மனச்சோர்வு மாத்திரைக்குப் பதிலாக மீன் எண்ணெயா?

தங்கள் தாயார் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டு மீன் எண்ணெய் மட்டும் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், வேண்டாம். மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களில் இபிஏ (EPA) என்னும் வகை மிகுந்தவை, மருந்தோடு சேரும்போது சிலருக்குச் சற்று உதவுவதாக ஆய்வுகள் காட்டினாலும், அவை மருந்துக்கு மாற்றாகா. 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 18,353 பேரில் நாளுக்கு 1 கிராம் மீன் எண்ணெய் வீதம் ஐந்தாண்டுகள் எடுத்தவர்களுக்கும் மனச்சோர்வு தடுக்கப்படவில்லை.

மீனை உணவாகத் தாராளமாகக் கொடுங்கள். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் கூடை கூடையாக இறங்கும் கவலை மீன் (பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம்) மத்தியின் இனம்தான். முறுகப் பொரித்தால் அதன் ஒமேகா-3 கொழுப்பு குறைந்து பொரித்த எண்ணெய் ஏறிவிடுமாதலால், புளிக்குழம்பாகவே வையுங்கள். ஆளிவிதையிலுள்ள ஒமேகா-3-இல் சிறுபங்கே இபிஏவாக மாறும். இரத்தம் உறையாதிருக்க அவர் மாத்திரை எடுப்பவரானால், மீன் எண்ணெய்க் குப்பியை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.