60 டாலருக்குப் பழைய கேஸ் கிரில் ஒன்று கிடைக்கிறது. வாங்கிச் சரிசெய்யலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

போய்ப் பாருங்கள். ஆனால் மூடியைத் திறப்பதற்கு முன்னால் தரையில் மண்டியிட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். நியூஜெர்சிக்கு வந்த பிறகு இரண்டு பழைய கிரில் வாங்கியிருக்கிறேன். முதலாவதில் நன்றாக ஏமாந்தேன். இரண்டாவதில் இன்றைக்கும் சமைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு பர்னர், முகம் பார்க்கலாம் போல எவர்சில்வர் மூடி, விலை 40 டாலர். மூடியைப் பார்த்தே மயங்கிவிட்டேன். வேன் வாடகைக்கு எடுத்து, நண்பனைக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால் பர்னர் குழாய்கள் நடுவில் வெடித்திருந்தன. அவற்றையும் மேலே மூடும் தகடுகளையும் வாங்க 110 டாலர் ஆனது. இரண்டாவது மாதம் கோழி சுட்டுக்கொண்டிருக்கும்போது பார்த்தால், பர்னர்கள் உட்காரும் அடுப்புப் பெட்டியின் அடித்தகட்டில் பத்துப் பைசா அளவுக்கு ஓட்டை. அது வழியாக எண்ணெய் கீழே சிலிண்டர் பக்கம் சொட்டுகிறது. அன்றோடு அதற்கு முழுக்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அங்கே கற்றது இதுதான்: பர்னர், தகடு, கம்பித் தட்டு, ஹோஸ், ரெகுலேட்டர், பொறி தட்டிப் பற்றவைக்கும் இக்னைட்டர் எல்லாம் தேய்ந்து மாற்றவேண்டிய சாமான்கள்தான். அவை கெட்டிருந்தால் கவலையில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். அடுப்புப் பெட்டியும், அதைத் தாங்கும் சட்டமும் போயிருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சட்டத்தின் கால்களில், குறிப்பாகச் சக்கரத்துக்குப் பக்கத்தில், அழுத்திக் குத்திப் பாருங்கள். மேல்துரு என்றால் சுரண்டிப் பெயின்ட் அடித்துவிடலாம். முனை உள்ளே இறங்கினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஒரு காந்தமும் இருந்தால் நல்லது. அடுப்புப் பெட்டியில் ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம், அது துருப்பிடிக்காது. ஒட்டினால் இரும்புத் தகடு, ஆயுசு குறைவு.

இரண்டாவது கிரில் வெபர் கம்பெனியின் ஜெனசிஸ் சில்வர் பி. 2000களின் தொடக்கத்தில் வந்த மாடல், மூன்று பர்னர், வார்ப்பு அலுமினியப் பெட்டி. பார்க்கச் சகிக்காது. மூடியின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பாகச் செதில் செதிலாக உரிந்து தொங்கியது. "பெயின்ட் உரிகிறது, சாப்பாட்டில் விழும்" என்று என் மனைவி முகத்தைச் சுளித்தாள். அது பெயின்டே இல்லை. எண்ணெயும் புகையும் படிந்து கருகிய கரி. பட்டி பார்க்கும் தகட்டால் சுரண்டினால் அப்படியே வந்துவிடும். இதைப் பார்த்துப் பயந்து பல பேர் நல்ல கிரிலை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

விற்றவர் வீடு மாறிக்கொண்டிருந்தார். "சூடே ஏற மாட்டேன் என்கிறது, 250, 300 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே நிற்கிறது, அதனால்தான் 50 டாலர்" என்றார். அவர் பற்றவைப்பதைக் கவனித்தேன். முதலில் பர்னர் குமிழைத் திறந்து வைத்துவிட்டு, அப்புறம் சிலிண்டரைச் சட்டென்று முழுவதும் திறந்தார். அப்படிச் செய்தால் திடீரென்று பாயும் கேஸை ரெகுலேட்டர் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பு அமைப்பு கசிவு என்று எடுத்துக்கொண்டு, வழியைக் கிட்டத்தட்ட அடைத்துவிடும். எல்லாவற்றையும் மூடி, சிலிண்டரைக் கழற்றி, ஒரு நிமிஷம் விட்டுத் திரும்ப மாட்டி, சிலிண்டரை மெதுவாகத் திறந்து, கொஞ்சம் பொறுத்துப் பர்னர்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். பத்து நிமிஷத்தில் முள் 500ஐத் தாண்டியது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். லாரியில் இடமில்லை என்பதால் அதே விலைக்கே கொடுத்துவிட்டார். உங்கள் ஆளும் "சூடு வரவில்லை" என்று சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகச் சோம்பி எரிந்தாலும் உடனே பயப்பட வேண்டாம். பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும், காற்று சரியாகக் கலக்காது. சில சிலந்திகளுக்கு எரிபொருள் வாசனை என்றால் தனிப் பிரியம். 2011இல் மாஸ்டா நிறுவனம் இதே தொல்லைக்காக ஆயிரக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. குழாயைக் கழற்றி நீளமான பிரஷ் விட்டு இழுத்தால் சரியாகிவிடும்.

என் கணக்கு: கிரில் 50, பர்னர், தகடுகள், ஹோஸ், ரெகுலேட்டர் எல்லாம் சேர்த்து 140 சொச்சம், ஒரு சனிக்கிழமை முழுக்கச் சுரண்டல். இந்தத் தரத்தில் புதிது ஆயிரம் டாலரைத் தொடும். நீங்கள் பார்க்கும் கிரிலின் மாடல் எண்ணை வாங்கி, பணம் கொடுப்பதற்கு முன்பே உதிரிபாகம் கிடைக்கிறதா, மொத்தம் என்ன ஆகும் என்று கூட்டிப்பாருங்கள். புது விலையில் பாதிக்கு மேல் போனால் நான் வாங்க மாட்டேன். 250 டாலருக்கு வரும் மலிவான கிரிலைச் சரிசெய்ய உட்காரவே வேண்டாம் என்பது என் கட்சி.

கழுவும்போது ஒரு எச்சரிக்கை. ஓவன் கழுவும் காரத் திரவத்தை அலுமினியப் பெட்டியில் அடித்துவிடாதீர்கள், அலுமினியத்தையே அரித்துவிடும். பாத்திர சோப்பும் வெந்நீரும் போதும். ஹோஸ் மாற்றியதும் குமிழ்களை மூடி, சிலிண்டரைத் திறந்து, எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. இதைச் செய்யாமல் நெருப்பைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. இன்னொன்று, அது இயற்கை எரிவாயு மாடலா என்று கட்டாயம் கேளுங்கள். அதில் கேஸ் துவாரம் பெரிது. புரோபேன் சிலிண்டரை மாட்டினால் சுடர் தாறுமாறாகச் சீறும்.

எங்கள் வீட்டில் கோழியைவிட அதிகம் சுடுவது கத்திரிக்காய்தான், கொத்சுக்கு. மீன் வறுவலும் வெளியே போய்விட்டது. இரும்புச் சட்டியை நேராகக் கம்பித் தட்டின் மேல் வைத்துவிடுகிறேன். வீட்டுக்குள் மூன்று நாள் வாசனை தங்குவதில்லை, புகை அலாரமும் கத்துவதில்லை.

விலை விஷயம்: 60 கேட்டால் 40க்குக் கேளுங்கள். மே மாதக் கடைசியில், கிரில் சீசன் தொடங்கும் மெமோரியல் டே விடுமுறை நெருங்கும்போது மசிய மாட்டார்கள். அக்டோபரில் இடத்தைக் காலி செய்தால் போதும் என்று இருப்பார்கள். சிலிண்டரையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள், பழசாக இருந்தாலும் பெட்ரோல் பங்கில் கொடுத்து நிரப்பியதாக மாற்றிக்கொள்ளலாம். காரில் கொண்டுவரும்போது அதை நிமிர்த்தியே வையுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.