மீடியம் ஃபார்மேட் (பெரிய ஃபிலிம் கேமரா) லென்ஸைச் சிறிய டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் ஃபோகல் லெங்த் (குவிய தூரம்) மாறுமா?

மாறாது. மமியா 645-இன் 80 மி.மீ. லென்ஸ் எதில் மாட்டினாலும் 80 மி.மீ.தான். ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் உள்ள சோனி கேமராவில் வேறு எந்த 80 லென்ஸும் காட்டுகிற அதே காட்சிதான் வரும். ஃபுல் ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சாரில்) 120 மி.மீ. லென்ஸ் போட்டதுபோல நெருக்கமாக.

லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் அடாப்டர், உள்ளே கண்ணாடி இல்லாத வெறும் குழாய். மமியா லென்ஸுக்கு மவுண்ட்டிலிருந்து (லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து) சென்சார் வரை 63.3 மி.மீ. வேண்டும், சோனியில் 18தான் இருக்கிறது. மீதி 45.3 மி.மீ.-ஐக் குழாய் நிரப்புகிறது. ஃபோகஸ், அப்பர்ச்சர் இரண்டும் கையால்தான்.

உண்மையான தொல்லை சிதறும் வெளிச்சம். பெரிய ஃபிலிமுக்காக விரியும் ஒளியில் பெரும்பகுதி சென்சாருக்கு வெளியே, குழாயின் சுவரில் பட்டுத் தெறிக்கும். காசிமேட்டில் விடியற்காலை, சூரியனைப் பார்த்தபடி விசைப்படகுகளை எடுத்தேன். கறுப்பு வலையெல்லாம் சாம்பலாக வெளுத்துப்போனது. குழாய்க்குள் கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டி, லென்ஸின் முன்னால் பக்க வெளிச்சத்தை மறைக்கும் ஆழமான ஹூடும் மாட்டினேன். மறுவாரம் அதே வலையில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. அந்தத் தாளை அவசியம் ஒட்டுங்கள்.

அப்புறம், லென்ஸ் கனமானது. கேமராவை மட்டும் பிடித்துத் தூக்காமல், இடது கையால் லென்ஸைத் தாங்கிக்கொள்ளுங்கள்.